கன்சோல் வாங்குவதா, கிளவுட் சந்தா கட்டுவதா?

கையில் இருப்பது பழைய லேப்டாப். புதிதாக வந்த பெரிய கேம் ஒன்றை ஆட ஆசை. அதற்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்டின் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பலரும் கிளவுட் கேமிங் பக்கம் திரும்புவது இந்த இடத்தில்தான். கேம் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும். அதன் படம் வீடியோவாக நம் திரைக்கு வரும், நாம் அழுத்தும் பட்டன் அங்கே போகும். டவுன்லோடு கிடையாது, இன்ஸ்டால் கிடையாது, மாதம் ஒரு தொகை கட்டினால் போதும்.

நான் சில வருடங்களாக இந்தச் சேவைகளில் ஆடுகிறேன். வீட்டில் கன்சோலும் (பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போல டிவியில் இணைத்து ஆடும் கருவி) இருக்கிறது. எதை எடுக்கலாம் என்று கேட்பவர்கள் எல்லோரும் முதலில் இணைய வேகத்தைத்தான் சொல்வார்கள். நான் அவர்களிடம் முதலில் கேட்பது வேறு: நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போகும் கேம் யார் கையில் இருக்கும்? இந்தக் கேள்வி ஏன் முதலில் வருகிறது என்று புரிய, கூகுள் நடத்திய ஸ்டேடியா என்ற கிளவுட் கேமிங் சேவையின் கதை தெரிய வேண்டும்.

கூகுள் அதை 2019 மார்ச்சில் அறிவித்து, நவம்பர் 19 அன்று 14 நாடுகளில் திறந்தது. தொழில்நுட்பத்தில் அது சோடை போகவில்லை. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வந்தபோது பிளேஸ்டேஷன் 4-இல் அது திக்கித் திணறியது. ஒரு வாரம் கழித்து சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. அதே கேம் ஸ்டேடியாவில் பழைய கன்சோல்களைவிட நன்றாகவே ஓடியது. ஆனாலும் எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் சேரவில்லை. பெரிய கேம்களைத் தனியாக முழு விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது, வாங்கியதும் ஸ்டேடியாவில் மட்டும்தான் ஓடும். மக்கள் தயங்கியதில் தப்பே இல்லை. 2021 பிப்ரவரியில் கூகுள் தன் சொந்த கேம் ஸ்டுடியோக்களை மூடுவதாகச் சொன்னது. 2022 செப்டம்பர் 29 அன்று சேவையையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2023 ஜனவரி 18-ஓடு எல்லாம் முடிந்தது.

வாங்கிய கேம்களுக்கும் கருவிகளுக்கும் கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஸ்டேடியா கன்ட்ரோலரை ப்ளூடூத் வழியாகப் பிற கருவிகளோடு இணைத்துக்கொள்ளவும் வழி செய்தது. இது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் நூறு மணி நேரம் ஆடி வளர்த்த கதாபாத்திரம் என்ன ஆனது? சில கேம்களில் சேவ் ஃபைலை, அதாவது ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவை, வேறு இடத்துக்கு எடுத்துப்போக முடிந்தது. மற்றவற்றில் அது அங்கேயே போயிற்று. கூகுள் அளவுக்குப் பணம் இல்லாத ஒரு நிறுவனம் மூடும்போது அந்தக் காசாவது திரும்பி வரும் என்று நம்ப முடியாது.

ஸ்டேடியாவுக்கு முன்னோடியும் உண்டு. ஆன்லைவ் என்ற நிறுவனம் 2010 ஜூனில் அமெரிக்காவில் இதே யோசனையோடு வந்தது. 2012 ஆகஸ்டில் ஊழியர்களை அனுப்பிவிட்டுச் சொத்துகளை வேறு நிறுவனத்துக்கு மாற்றியது. 2015 ஏப்ரல் 30 அன்று சேவை முழுவதும் நின்றது. அதன் காப்புரிமைகளை வாங்கியது சோனி. 2012-லேயே கைகாய் என்ற மற்றொரு கிளவுட் கேமிங் நிறுவனத்தை 38 கோடி டாலருக்கு வாங்கியதும் சோனிதான். முன்னோடிகள் விட்டுப்போனதை வைத்துத்தான் இன்றைய பிளேஸ்டேஷன் ஸ்ட்ரீமிங் எழுந்தது.

வீடியோ வேறு, கேம் வேறு

வீடியோ ஸ்ட்ரீமிங் இவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டது, கேம் ஸ்ட்ரீமிங் மட்டும் ஏன் தடுமாறுகிறது? இதைப் புரிந்துகொண்டால் எந்தச் சேவை நிலைக்கும், எது ஆட்டம் காணும் என்று ஓரளவு நாமே கணிக்கலாம்.

ஒரு திரைப்படத்தை லட்சம் பேர் பார்த்தாலும் அது ஒரே ஃபைல்தான். நெட்ஃபிளிக்ஸ் அதன் பிரதிகளை நம் இணைய நிறுவனங்களின் இடத்திலேயே பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறது. பத்தாயிரமாவது ஆள் பார்க்க வரும்போது கூடுதல் செலவு மிகக் குறைவு. கேமில் அப்படி முடியாது. நான் இடது பக்கம் திரும்புகிறேன், நீங்கள் வலது பக்கம் திரும்புகிறீர்கள். இரண்டு படங்களையும் அந்தந்த நொடியில் தனித்தனியாக வரைந்தாக வேண்டும். ஆடும் ஒவ்வொருவருக்கும் கிராபிக்ஸ் கார்டின் ஒரு பங்காவது, பெரிய கேம் என்றால் ஏறக்குறைய முழு மெஷினே, ஒதுக்கப்பட வேண்டும். அந்த மெஷினும் ஆடுபவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் ஆட உட்காருவது சாயங்காலத்துக்கு மேல்தான். அந்த நெரிசலுக்கு ஏற்றபடி மெஷின்களை வாங்கி வைத்தால் காலை நேரத்தில் பாதி சும்மா கிடக்கும். குறைவாக வாங்கினால் ராத்திரி வரிசையில் நிற்க வேண்டும்.

என்விடியாவின் ஜீஃபோர்ஸ் நவ் சேவையில் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். இலவசத் திட்டத்தில் ஆட வருபவர் வரிசையில் காத்திருக்க வேண்டும், இடம் கிடைத்தாலும் ஒரு மணி நேரம்தான். பணம் கட்டுபவர்களுக்கும் மாதம் 100 மணி நேரம் என்ற வரம்பு வந்துவிட்டது. 2024 நவம்பரில் அறிவித்து, புதியவர்களுக்கு 2025 ஜனவரியிலிருந்தும் பழையவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்தும் நடைமுறைப்படுத்தினார்கள். மிச்சமாகும் நேரத்தில் 15 மணி நேரம் வரை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோகலாம். தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடுபவருக்கு இது இடிக்கும், மற்றவர்களுக்கு இடிக்காது. எனக்கு இந்த வரம்பில் கோபம் இல்லை. அளவில்லாமல் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று வருடத்தில் மூடுவதைவிட, இவ்வளவுதான் கட்டுப்படியாகும் என்று முன்கூட்டியே சொல்வது மேல்.

பட்டனுக்கும் படத்துக்கும் நடுவில்

சரி, ஆடும்போது எப்படி இருக்கும்? நொடிக்கு 60 ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி நொடிதான் நேரம். நம் பட்டன் அழுத்தல் சர்வருக்குப் போய், கேம் அதைக் கணக்கிட்டு, படத்தை வரைந்து, வீடியோவாகச் சுருக்கி, இணையத்தில் அனுப்பி, நம் பக்கத்தில் அதை விரித்து, திரையில் காட்ட வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 1000 கிலோமீட்டர் தள்ளி டேட்டா சென்டர் இருந்தால் போய்வர 10 மில்லி நொடி. அது நேர்க்கோட்டுக் கணக்கு. உண்மையான கேபிள் வழி சுற்றிச் சுற்றிப் போகும், நடுவில் பல ரௌட்டர்கள் நிற்கும். எவ்வளவு பணம் போட்டாலும் ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாது. டேட்டா சென்டர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் பாதி விஷயம்.

கன்சோலிலும் தாமதம் இருக்கத்தான் செய்கிறது. நொடிக்கு 30 ஃபிரேம் ஓடும் கேம்களில் பட்டனுக்கும் படத்துக்கும் நடுவே 100 மில்லி நொடி ஆவது சாதாரணம், நாம் அதற்குப் பழகிவிட்டோம். கிளவுட் அதன் மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றும். கதை சார்ந்த கேம்கள், முறை வைத்து ஆடும் வியூக கேம்கள் இவற்றில் சில நிமிடங்களில் கை அதற்குப் பழகிக்கொள்ளும். எதிரி வாளை ஓங்கியதும் சரியான நொடியில் தடுக்க வேண்டிய கேம்களில் அப்படி இல்லை. நான் தடுத்துவிட்டேன் என்று என் விரல் சொல்லும், அடி விழுந்திருக்கும். ஒரே எதிரியிடம் ஒரு ராத்திரி முழுக்கத் தோற்றுவிட்டு, மறுநாள் கன்சோலில் அதையே ஆடி மூன்றாவது முயற்சியில் ஜெயித்தேன். என் கையில் கோளாறு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

சராசரித் தாமதத்தைவிடத் தொந்தரவு அது ஏறி இறங்குவதுதான். இதைத்தான் ஜிட்டர் என்கிறார்கள். படம் பார்க்கும்போது வீடியோ சில நொடிகள் முன்னாடியே இறங்கிச் சேர்ந்திருக்கும், நடுவில் இணையம் தடுக்கினாலும் நமக்குத் தெரியாது. நீங்கள் இன்னும் அழுத்தாத பட்டனின் விளைவை எந்த சர்வராலும் முன்கூட்டியே அனுப்பி வைக்க முடியாது. ஆகவே தடுக்கினால் உடனே தெரிந்துவிடும். மழை பெய்யும் சாலையில் கார் ஓட்டும் கேமை ஆடிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் வீட்டில் ஒருவர் வீடியோ காலில் சேர்ந்தார். சாலையோரப் புல்லும் மழைத் துளியும் சதுரம் சதுரமாகக் கரைந்தன, வளைவில் கார் நேராகச் சுவரில் போய் முட்டியது. அன்றைக்கே ரௌட்டரிலிருந்து கேபிள் இழுத்துவிட்டேன். அதற்கப்புறம் என் அனுபவமே மாறிப்போனது. கிளவுட் கேமிங் சரிப்படாது என்று விட்டுப்போனவர்களில் பலருக்கு வைஃபைதான் எதிரியாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

டேட்டா வரம்புள்ள இணையம் என்றால் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 25 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் 11 ஜிபிக்கு மேல் போய்விடும்.

எதை எடுப்பது

நீங்கள் ஏற்கனவே ஸ்டீம் போன்ற ஆன்லைன் கடைகளில் கம்ப்யூட்டர் கேம் வாங்கி வைத்திருப்பவர் என்றால், ஜீஃபோர்ஸ் நவ்தான் என் முதல் தேர்வு. இது கேம் விற்பதில்லை. உங்கள் லைப்ரரியில் இருக்கும் கேமை ஓட்டுவதற்கு மெஷினை மட்டும் வாடகைக்குத் தருகிறது. நாளைக்கு இது மூடினாலும் கேம் உங்கள் ஸ்டீம் கணக்கில் அப்படியே இருக்கும், கிளவுட் சேவ் உள்ள கேம்களில் ஆட்டத்தையும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உயர்மட்டத் திட்டத்தில் மெஷின்களையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள். 2021-இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு, 2023-இல் 4080, 2025 செப்டம்பரிலிருந்து 5080 தரம். இந்த மூன்றையும் வீட்டில் மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டால், சந்தா பெரிதாகத் தெரியாது.

குறையும் இருக்கிறது. எல்லாக் கேமும் இதில் வராது, வெளியிட்ட நிறுவனம் சம்மதிக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் இது பொதுமக்களுக்குத் திறந்த சில நாட்களிலேயே ஆக்டிவிஷன் பிளிஸார்ட் தன் கேம்களை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பெதஸ்டாவும் 2கே நிறுவனமும் அதன் பின்னாலேயே விலகின. காசு கொடுத்து வாங்கிய கேமை, நான் வாடகைக்கு எடுத்த மெஷினில் ஓட்டக் கேம் நிறுவனத்திடம் எதற்கு அனுமதி? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை நியாயமான பதில் கிடைக்கவில்லை. எப்படியோ, சந்தா கட்டும் முன் உங்கள் கேம்கள் அதன் பட்டியலில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.

கையில் கேமே இல்லை, விதவிதமாக ஆடிப் பார்க்க வேண்டும் என்பவருக்கு, மாதச் சந்தாவுக்கு ஒரு பட்டியல் கேம்களை ஆடத் தரும் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் பொருந்தும். கிளவுட் வசதி 2020 செப்டம்பரில் இதன் அல்டிமேட் திட்டத்தோடு வந்தது. 2025 அக்டோபரில் அமெரிக்காவில் அந்தத் திட்டத்தின் விலையை மாதம் 29.99 டாலராக உயர்த்தினார்கள். அந்த விலையில் ஒரு வருடம் கட்டினால் 360 டாலர். அதே மாதம் அங்கே எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் கன்சோலின் ஆரம்ப விலை 400 டாலர். ஆக, கிளவுட்டுக்காக மட்டும் மேல்மட்டத் திட்டம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்போதே கீழ்மட்டத் திட்டங்களிலும் கிளவுட்டைச் சேர்த்தார்கள், அதில் தொடங்குவதுதான் புத்தி. இன்னொன்று: பட்டியலிலிருந்து கேம்கள் அவ்வப்போது கழன்றுகொள்ளும். மெதுவாக, மாதக்கணக்கில் ஒரே கேமை ஆடுபவர்களுக்கு இது வலிக்கும்.

பிளேஸ்டேஷன் பிளஸின் பிரீமியம் திட்டத்திலும் ஸ்ட்ரீமிங் உண்டு. ஏற்கனவே பிளேஸ்டேஷன் கேம்கள் வாங்கி வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அதைச் சொல்வேன்.

ஷேடோ மாதிரி முழு விண்டோஸ் கம்ப்யூட்டரையே வாடகைக்குத் தரும் சேவைகளும் இருக்கின்றன. எந்தக் கேமையும் நீங்களே இன்ஸ்டால் செய்துகொள்ளலாம், மாட் (கேமை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்யும் சேர்க்கை) போடலாம், வீடியோ எடிட் செய்யலாம். யாருடைய பட்டியலையும் நம்பியிருக்க வேண்டாம் என்பது பெரிய சுதந்திரம்தான். ஆனால் இதை நடத்திய பிரெஞ்சு நிறுவனம் 2021-இல் கடனில் சிக்கி நீதிமன்ற நடவடிக்கைக்குப் போனது. ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தைத் தொடங்கிய ஒக்டேவ் கிளாபா வாங்கிக் காப்பாற்றினார். ஆளுக்கு ஒரு மெஷின் என்ற கணக்கு இதில்தான் மிக வெளிப்படையாக இடிக்கிறது. சில ஆன்லைன் போட்டிக் கேம்களின் ஆன்ட்டி சீட் (ஏமாற்றி ஆடுபவர்களைத் தடுக்கும்) மென்பொருள் இப்படிப்பட்ட மெஷினில் ஓட மறுத்துவிடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

பலரும் மறந்துபோகும் வழி ஒன்று உண்டு. வீட்டில் ஒரு நல்ல கம்ப்யூட்டரோ கன்சோலோ இருந்து, ஆட வேண்டியது படுக்கையறையில் என்றால் சந்தாவே வேண்டாம். ஸ்டீம் லிங்க், பிளேஸ்டேஷனின் ரிமோட் பிளே, இலவசமாகக் கிடைக்கும் மூன்லைட், சன்ஷைன் மென்பொருள்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே ஸ்ட்ரீம் செய்துவிடும். ஒரே வீட்டுக்குள் என்பதால் தாமதம் மிகக் குறைவு, மாதச் செலவும் இல்லை.

போட்டி போட்டுச் சுடும் கேம்களையும் சண்டைக் கேம்களையும் தினமும் ஆடுபவர், இணையம் அடிக்கடி தடுக்கும் இடத்தில் இருப்பவர், ஒரு கேமைப் பத்து வருடம் கழித்தும் எடுத்து ஆட நினைப்பவர் இவர்களெல்லாம் கன்சோலோ கம்ப்யூட்டரோ வாங்குவதே சரி. முடிந்தால் டிஸ்க்கில் வாங்குங்கள். ஸ்டீமில் வாங்குவதும் சட்டப்படி உரிமம்தான், கேமே சொந்தமாகிவிடாது. அதைக் கடைகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2025-இலிருந்து சட்டமே வந்துவிட்டது. ஜிஓஜி கடையில் வாங்கினால் இன்ஸ்டாலர் ஃபைலையே இறக்கிப் பத்திரப்படுத்தலாம். டிஜிட்டலில் சொந்தம் என்ற சொல்லுக்கு மிக அருகில் வருவது அதுதான்.

இனிமேல் எப்படி இருக்கும்

கிளவுட் கேமிங் செத்துவிடும் என்று ஸ்டேடியா மூடியபோது எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எதிர்காலமே கிளவுட்தான், கன்சோல் காணாமல் போகும் என்பவர்களோடும் இல்லை. நடப்பதைப் பார்த்தால் அது ஒரு துணை வசதியாக நிலைபெறுகிறது. சாம்சங் டிவிகளில் 2022-இலிருந்தே கன்சோல் இல்லாமல் எக்ஸ்பாக்ஸ் ஆட முடிகிறது. ஒவ்வொரு கேமையும் தனி ஆப்பாகத்தான் தர வேண்டும் என்று அடம்பிடித்த ஆப்பிள், 2024 ஜனவரியில் அந்த விதியைத் தளர்த்தியது.

அரசு அமைப்புகளும் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்குவதை பிரிட்டனின் போட்டி ஆணையம் 2023 ஏப்ரலில் தடுத்தது கிளவுட் கேமிங்கைக் காரணம் காட்டித்தான். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே, இருக்கும் ஆக்டிவிஷன் கேம்களுக்கும் அடுத்த 15 வருடங்களில் வருபவற்றுக்கும் கிளவுட் ஸ்ட்ரீமிங் உரிமையை யுபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனத்துக்கு விற்ற பிறகுதான், அந்த அக்டோபரில் கொள்முதல் முடிந்தது. அதே இழுபறியில்தான் மைக்ரோசாஃப்ட், என்விடியாவோடு 10 வருட ஒப்பந்தமும் போட்டது. 2020-இல் ஜீஃபோர்ஸ் நவ்வை விட்டுப்போன ஆக்டிவிஷன் கேம்கள் அங்கே திரும்பியதற்கு வழி இப்படித்தான் பிறந்தது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது இன்னொரு மாற்றம். 2024 நவம்பரிலிருந்து எக்ஸ்பாக்ஸ் கிளவுட்டில், கேம் பாஸ் பட்டியலில் இல்லாத, நாமே வாங்கிய சில கேம்களையும் ஆட முடிகிறது. 2025 நவம்பரில் சோனியும் பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்ற தன் கையடக்கக் கருவியில் பிரீமியம் சந்தாதாரர்கள் வாங்கி வைத்திருக்கும் கேம்களை ஸ்ட்ரீம் செய்ய வழி திறந்தது. ஸ்டேடியா எந்த இடத்தில் தவறியதோ அதை ஒவ்வொருவராகச் சரிசெய்கிறார்கள். கேம் ஓர் இடத்தில், அதை ஓட்டும் மெஷின் இன்னோர் இடத்தில் என்று பிரிந்துவிட்டால், மெஷின் தருபவர் கடையை மூடினாலும் நமக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

கவலையும் இருக்கிறது. ஏஐக்காக டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து அதன் விலை கிடுகிடுவென ஏறியது. கன்சோல்களும் அமெரிக்காவில் 2025-இல் விலை ஏறின. வீட்டில் மெஷின் வாங்குவது கடினமாகும்போது கிளவுட் பக்கம் கூட்டம் சேரும் என்பது உண்மைதான். ஆனால் கிளவுட் நிறுவனங்களும் அதே சந்தையில்தான் மெஷின் வாங்கியாக வேண்டும். ஆகவே சந்தா இன்றைய விலையிலேயே நிற்கும் என்று எண்ணி வருடக் கணக்கில் திட்டமிடாதீர்கள்.

தீர்மானிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ரௌட்டரிலிருந்து கேபிள் போடுங்கள். ஜீஃபோர்ஸ் நவ் உங்கள் இடத்தில் கிடைக்குமானால் அதன் இலவசத் திட்டத்தில், நீங்கள் வழக்கமாக ஆடும் நேரத்தில், ஏற்கனவே கை பழகிய ஒரு கேமைத் திறந்து பாருங்கள். காலை பத்து மணிக்குப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ராத்திரி ஒன்பது மணிக்குப் பாருங்கள். மூன்று நாள் விரல் குறை சொல்லவில்லை என்றால் ஒரு மாதச் சந்தா மட்டும் எடுங்கள், வருடச் சந்தா வேண்டாம். அந்த மாதத்தில் புதுக் கேம் வாங்க வேண்டி வந்தால், அந்தச் சேவைக்கு வெளியேயும் ஓடும் கேமாகப் பார்த்து வாங்குங்கள்.